ஜீப் 4.0 பிளாக்கில் 4.6 ஸ்ட்ரோக்கர்: வீட்டு கராஜில், குறைந்த செலவில், வரிசை தவறாமல்

அமெரிக்காவில் 1987 முதல் 2006 வரை ஜீப் வண்டிகளில் வந்த 4.0 லிட்டர், நேர்வரிசை ஆறு சிலிண்டர் எஞ்சினுக்கான வழிகாட்டி இது. செரோக்கி, ராங்லர், கிராண்ட் செரோக்கி எல்லாவற்றிலும் இருந்தது இந்த எஞ்சின்தான். இதன் பிளாக்கில் பழைய 258 கன அங்குல எஞ்சினின் கிராங்கை, அதாவது பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டை, போட்டு 4.6 லிட்டர் ஆக்கப் போகிறோம். இப்படி பிஸ்டன் ஓடும் தூரத்தை நீட்டிய எஞ்சினுக்குத்தான் ஸ்ட்ரோக்கர் என்று பெயர். பாறையில் ஏறும் வண்டிக்கு வேண்டியது குறைந்த சுழற்சியில் இழுவை. அதை இந்த மாற்றம் தரும்.

இரண்டு எஞ்சின் நானே கட்டியிருக்கிறேன். நண்பர்கள் கட்டும்போது பக்கத்தில் நின்றும் பார்த்திருக்கிறேன். போல்ட் முறுக்கும்போது தவறு நடப்பது குறைவு. பாகங்களை வாங்கிய வரிசையிலும் அளக்காமல் விட்ட இடங்களிலும்தான் நடக்கிறது. அதனால் இதில் பெரும்பகுதி அளவுகளைப் பற்றியே இருக்கும்.

1. பாகம் வாங்கும் முன் இந்தக் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

ஸ்ட்ரோக் என்பது பிஸ்டன் மேலிருந்து கீழே ஓடும் தூரம். 4.0 கிராங்கின் ஸ்ட்ரோக் 3.414 அங்குலம். 258 கிராங்கின் ஸ்ட்ரோக் 3.895 அங்குலம். வித்தியாசம் 0.481. பிஸ்டன் மேலே போவது இதில் பாதிதான், ஏறக்குறைய 0.240 அங்குலம். பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடின் நீளம் 4.0-வில் 6.125, 258 ராடின் நீளம் 5.875. அதாவது 258 ராட் 0.250 குட்டை. கிராங்க் மேலே தள்ளுகிற அளவை ராட் கிட்டத்தட்ட அப்படியே கீழே இறக்கிவிடுகிறது. அதனால்தான் 258 கிராங்க், 258 ராட், 4.0 பிஸ்டன் என்ற கூட்டணி தனியாகச் செய்த பிஸ்டன் இல்லாமலே பொருந்துகிறது. செலவு குறைவதும் இதனால்தான்.

புதிதாக வருபவர்கள் முதலில் தடுமாறுவது இங்கே. “4.0 ராட் நீளமானது, நல்லது என்கிறார்கள், அதையே வைத்துக்கொள்கிறேன்” என்று கிராங்கை மட்டும் வாங்கி வருவார்கள். அப்படிப் போட்டால் பிஸ்டன் பிளாக்கின் மேல்தளத்துக்கு வெளியே 0.22 அங்குலம், அதாவது ஐந்தரை மில்லிமீட்டருக்கு மேல் நீட்டிக்கொண்டு நிற்கும். நீள ராட் வேண்டுமென்றால், ராடில் மாட்டும் பிஸ்டன் பின்னிலிருந்து பிஸ்டன் உச்சி வரையிலான உயரம் குறைந்த தனி பிஸ்டன் வாங்க வேண்டும். அது வேறு பட்ஜெட்.

சிலிண்டரை 0.030 அங்குலம் பெரிதாக்கினால் 3.905 வரும். ஆறு சிலிண்டருக்கும் சேர்த்து 280 கன அங்குலம், 4.6 லிட்டர். 0.060 போனால் 4.7 லிட்டர்தான். அந்தச் சின்ன லாபத்துக்காகச் சிலிண்டர் சுவரை மெலிதாக்குவதை நான் ஏற்கமாட்டேன். 0.060 தவிர வேறு வழியில்லாத பிளாக் என்றால் அல்ட்ராசோனிக் கருவியால் சுவர்த் தடிமனை அளந்துவிட்டுத்தான் வெட்ட வேண்டும்.

2. கிராங்கும் ராடும் தேடுவது

258 எஞ்சின் 1971 முதல் 1990 வரை வந்தது. பழைய ஜீப் சிஜே, 1990 வரையிலான ராங்லர், ஏஎம்சி ஈகிள் கார் ஆகியவற்றைக் காயலான் கடைகளில் தேடுங்கள். முழு எஞ்சினாகக் கிடைத்தால் அதையே வாங்குங்கள். ராடுகளும் அவற்றைக் கிராங்கோடு பிடிக்கும் மூடிகளான கேப்புகளும் ஜோடி மாறாமல் வந்துவிடும்.

இந்தக் கிராங்க் இரண்டு வகை. முந்தையதில் பன்னிரண்டு எதிர்எடைகள், பிந்தையதில் நான்கு. எண்ணிப் பார்த்தாலே தெரியும். பன்னிரண்டு உள்ளது கனமானது, ஓட்டம் மென்மை. நான்கு உள்ளது இலகு, சீக்கிரம் சுழற்சி ஏறும். பாறையில் மெதுவாக ஊர்ந்து ஏறுகிற வண்டிக்கு இரண்டுமே போதும். வகையைவிட ஜர்னலின், அதாவது கிராங்கில் பேரிங் உட்காரும் வழவழப்பான பகுதியின், நிலைதான் முக்கியம். நகத்தை ஜர்னல் மேல் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் மாட்டினால் கிரைண்டிங் நிச்சயம். பெரும்பாலும் 0.010 கிரைண்டிங்கில் சரியாகிவிடும்.

மெயின் ஜர்னல் 2.500, ராட் ஜர்னல் 2.095 அங்குலம் அளவில் இரண்டு எஞ்சினிலும் ஒன்றுதான். வேறுபாடு இரு முனைகளிலும் இருக்கிறது. சில ஆண்டுகளின் 258 கிராங்கில் முன் மூக்கு நீளம். முன்பக்க டேம்பரின் (அதிர்வைக் குறைக்கும் சக்கரம்) போல்ட்டை முறுக்கினால் இறுகியதுபோல் கைக்குத் தெரியும், ஆனால் போல்ட் மூக்கில் முட்டி நிற்குமே தவிர டேம்பரை அழுத்தியிருக்காது. அதற்குத் தடித்த ஸ்பேசர் வேண்டும். பின்முனையில், மேனுவல் கியர் வண்டி என்றால், பைலட் பேரிங் உட்காரும் துளையை அளந்துவிட்டுப் பேரிங் வாங்குங்கள்.

3. பிளாக்கும் ஹெட்டும்

உங்கள் வண்டியின் பிளாக்கையே பயன்படுத்துங்கள். மவுண்ட் துளை, சென்சர், ஃப்ளைவீல் எல்லாம் அதற்கேற்றவை. 4.0-வில் கிராங்க் சென்சர் ஃப்ளைவீலின் பள்ளங்களைத்தான் படிக்கிறது. ஆண்டு மாறினால் பள்ளங்களின் அமைப்பும் மாறலாம். அப்படி மாறினால் எஞ்சின் ஸ்டார்ட்டே ஆகாது.

ஹெட்டில் ஒரு எச்சரிக்கை. வார்ப்பு எண் 0331-இல் முடியும் ஹெட்டுகள் மூன்றாவது, நான்காவது சிலிண்டர்களுக்கு இடையே விரிசல் விடுவதற்குப் பேர் போனவை. திருத்திய வார்ப்பில் ‘டுபி’ (TUPY) என்ற எழுத்து இருக்கும். அந்த எழுத்து இல்லாத 0331 கையில் இருந்தால், ஹெட் வேலைக்குப் பணம் போடும் முன் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள்.

4. கையில் இருக்க வேண்டியவை

எஞ்சின் ஹாய்ஸ்ட்டை வாடகைக்கு எடுக்கலாம். எஞ்சின் ஸ்டாண்டை வாங்கிவிடுங்கள், எஞ்சின் அதன்மேல் பல வாரம் இருக்கும். நல்ல டார்க் ரெஞ்ச், காந்த அடியுள்ள டயல் இண்டிகேட்டர், ஃபீலர் கேஜ், பிளாஸ்டிகேஜ் (நசுக்கிப் பேரிங் இடைவெளியை அளக்கும் மெல்லிய பிளாஸ்டிக் நூல்), ரிங் கம்ப்ரெஸர், ரிங் இடைவெளி தேய்க்கும் கருவி, பெரிய சிரிஞ்ச், வெள்ளைத் துணி, பெரிய பிளாஸ்டிக் உறைகள் வேண்டும். மைக்ரோமீட்டர் இல்லையென்றால் மெஷின் ஷாப்பில் அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். “சரியா இருக்கு” என்ற வாய்வார்த்தை போதாது. காகிதத்தில் எண் வேண்டும்.

5. எஞ்சினை இறக்குவது

பெல்ஹவுசிங்கின் மேல் இரண்டு போல்ட்டுகளுக்கு வெளிப்பக்க டார்க்ஸ் தலை, அளவு இ12. சாதாரண சாக்கெட் வைத்து உருட்டிவிட்டால் அந்த இடத்தில் கை நுழையவே நாள் ஆகும். சாக்கெட்டை முன்பே வாங்கி, நீண்ட எக்ஸ்டென்ஷன்களை இணைத்து, கியர்பாக்ஸுக்குப் பின்னாலிருந்து எட்டிக் கழற்றுங்கள். மற்றவை வழக்கம்போல. ஒவ்வொரு ஒயர் இணைப்பையும் கழற்றும் முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

6. மெஷின் ஷாப்: என்ன முதலில், என்ன பிறகு

பிளாக் இரண்டு முறை அங்கே போகும் என்று முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே தடவையில் முடிக்க நினைப்பவர்கள்தான் கம்ப்ரெஷனில் மாட்டிக்கொள்கிறார்கள்.

முதல் முறை, பிளாக்கைக் கழுவி விரிசல் பார்க்க வேண்டும், கிராங்கைக் கிரைண்ட் செய்ய வேண்டும், சிலிண்டரை போர் செய்ய, அதாவது குடைந்து பெரிதாக்க, வேண்டும். கிராங்க் வேலை முடிந்த பிறகே பேரிங் வாங்குங்கள். 0.010 போதும் என்று நினைத்து முன்பே வாங்கிய பேரிங், ஜர்னலை 0.020 வரை வெட்ட நேர்ந்தால் வீண். போரிங்கில் இது தலைகீழ். பிஸ்டன்களை வாங்கி ஷாப்பில் கொடுத்துவிட்டுத்தான் போர் செய்யச் சொல்ல வேண்டும். பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே இருக்கும் இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று, ஒன்றரை அளவுதான். பெட்டியில் அச்சிட்ட அளவை நம்பி வெட்டினால் அதிலேயே பாதி போய்விடும்.

பிஸ்டன் பின் ராடில் அழுத்தி ஏற்றப்படுவது. ராடைச் சூடாக்கித்தான் ஏற்ற வேண்டும், வீட்டில் முயற்சிக்காதீர்கள். ராட் போல்ட்டை மாற்றினால் பெரிய துளையின் வட்டத்தைத் திரும்பச் சரிசெய்ய வேண்டும். கிராங்கை பேலன்ஸ் செய்யும் செலவில் கைவைக்காதீர்கள். வேறு வேறு எஞ்சினிலிருந்து வந்த பாகங்கள் இவை, எடை ஒத்துப்போகும் என்று எதிர்பார்க்க முடியாது.

7. பொய்க் கோர்ப்பு (சோதனைக்காகக் கோர்த்துப் பார்ப்பது): அவசரப்படக் கூடாத கட்டம்

போரிங் முடிந்து வந்ததும் மெயின் பேரிங்கோடு கிராங்கை வையுங்கள். ரிங் இல்லாமல் முதல் சிலிண்டரிலும் ஆறாவது சிலிண்டரிலும் பிஸ்டனைப் போட்டு, மெதுவாக இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். எங்காவது உரசுகிறதா என்று கேளுங்கள், பாருங்கள். பிறகு பிஸ்டனை மேலெல்லைக்குக் கொண்டுவந்து, டயல் இண்டிகேட்டரை பிளாக் தளத்தில் பூஜ்யமாக்கி, பிஸ்டன் எவ்வளவு கீழே நிற்கிறது என்று அளக்க வேண்டும். பிஸ்டன் பின்னுக்கு நேர் மேலே அளந்தால் பிஸ்டன் சாய்வதால் வரும் பிழை குறையும். முன்னும் பின்னும் அளவு வேறாக இருந்தால் பிளாக் தளம் சாய்வு.

காகிதக் கணக்குப்படி, 9.45 அங்குலத் தள உயரத்தில் பிஸ்டன் சுமார் 0.027 கீழே நிற்கும். அதோடு 0.043 தடிமன் கேஸ்கெட்டைச் சேர்த்தால் பிஸ்டனுக்கும் ஹெட்டின் தட்டையான பகுதிக்கும் நடுவே 0.070. இதைத்தான் குவெஞ்ச் இடைவெளி என்கிறோம். 0.040 முதல் 0.050 வரை இருந்தால் பிஸ்டன் மேலே வரும்போது ஓரத்துக் கலவை நசுங்கி நடுவே பீய்ச்சும், எரிதல் வேகமாக முடியும். 0.070-இல் அந்தப் பீய்ச்சல் இல்லை. ஓரத்தில் தங்கிய கலவை தானாக வெடிக்கும். ஏற்றத்தில் கேட்கும் ‘டிக் டிக்’ சத்தம் அதுதான்.

“அப்படியானால் பிளாக் தளத்தை 0.020 வெட்டிவிடலாமே?” என்று எல்லோரும் கேட்பார்கள். வெட்டலாம், ஆனால் கம்ப்ரெஷனையும், அதாவது கலவை எத்தனை மடங்கு நசுங்குகிறது என்ற விகிதத்தையும், சேர்த்துப் பாருங்கள். ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 764 சிசி. நான் அளந்தபோது ஹெட் அறை 58, பிஸ்டன் குழி 17, கேஸ்கெட் 9, தளத்துக்குக் கீழ் இடைவெளி 5. மொத்தம் 89. 764-ஐயும் 89-ஐயும் கூட்டி 89-ஆல் வகுத்தால் 9.6. தளத்தை 0.020 வெட்டினால் 4 சிசி குறைந்து 85 ஆகும், விகிதம் 10.0. குவெஞ்ச் சரியாகும், கம்ப்ரெஷன் ஏறும். 87 ஆக்டேன் பெட்ரோலில் இரும்பு ஹெட்டுக்கு அது அதிகம்.

என் தீர்வு இது. தளத்தை வெட்டுங்கள், கூடவே ஹெட் அறையில் வால்வைச் சுற்றியிருக்கும் விளிம்புகளைத் தேய்த்து 3 சிசி கூட்டுங்கள். காற்றோட்டமும் நன்றாகும், விகிதமும் 9.7-க்கு இறங்கும். அதற்குமேல் 91 ஆக்டேன் போட மனதைத் தயார்செய்துகொள்ளுங்கள். 87-இலேயே ஓட்ட வேண்டும் என்றால் குழி ஆழமான பிஸ்டனுக்குப் போக வேண்டும். தளத்தை வெட்டாமல், 0.070 குவெஞ்சோடு, 87 பெட்ரோலில் ஓட்டியவர்களின் பிஸ்டன்களைக் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறேன். முதல் ரிங்குக்கு மேலுள்ள விளிம்பு உடைந்திருந்தது.

ஹெட் அறையை அளப்பது எளிது. வால்வும் பிளக்கும் மாட்டி, விளிம்பில் மெலிதாகக் கிரீஸ் தடவி, துளையிட்ட கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தகட்டை ஒட்டுங்கள். நிறம் கலந்த தண்ணீரைச் சிரிஞ்சால், குமிழி இல்லாமல் நிரப்புங்கள். எத்தனை மில்லி போனதோ அத்தனை சிசி. ஆறு அறையையும் அளந்து ஒன்றுக்கொன்று சமமாக்குங்கள்.

இந்த எண்களை எடுத்துக்கொண்டுதான் இரண்டாவது முறை மெஷின் ஷாப்புக்குப் போக வேண்டும்.

8. கழுவுதல்

திரும்பி வந்த பிளாக் பளபளப்பாக இருக்கும். நம்பாதீர்கள். ஹோனிங் செய்த கல்லின் பொடி சுவரின் கீறல்களுக்குள் ஒளிந்திருக்கும். வெந்நீர், பாத்திரம் துலக்கும் சோப்பு, சிலிண்டர் பிரஷ் கொண்டு தேயுங்கள். பெட்ரோலோ கரைப்பானோ பொடியைத் தூக்காது, சோப்புதான் தூக்கும். எண்ணெய் வழிகளின் அடைப்பான்களைக் கழற்றி, நீள பிரஷை முனைக்கு முனை விடுங்கள்.

எப்போது நிறுத்துவது? உலர்ந்த சிலிண்டர் சுவரில் எண்ணெய் நனைத்த வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் சாம்பல் நிறம் வந்தால் மறுபடி கழுவ வேண்டும். எனக்கு ஐந்தாவது துணிதான் வெள்ளையாக வந்தது. முடிந்ததும் உடனே எண்ணெய் தடவுங்கள், அரைமணியில் துரு பிடித்துவிடும்.

9. கீழ்ப்பாதிக் கோர்ப்பு

மெயின் பேரிங் இடைவெளி 0.001 முதல் 0.0025 வரை, 0.002 இருந்தால் சிறப்பு. பிளாஸ்டிகேஜ் வைத்துச் சோதிக்கும்போது கிராங்கைச் சுற்றக் கூடாது, சுற்றினால் நூல் நசுங்கிப் பொய் சொல்லும். கேப் போல்ட்டுகளை 40, 70, 80 அடி-பவுண்டு என்று மூன்று தடவையாக இறுக்குங்கள். ஒவ்வொரு கேப் இறுகியதும் கிராங்கைக் கையால் சுற்றிப் பாருங்கள். ஏழு கேப்பையும் இறுக்கிவிட்டுக் கடைசியில் சுற்றினால், சிக்கல் எந்தக் கேப்பில் என்று தெரியாது.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒரு நண்பரின் கராஜில் இரவு பத்து மணிக்கு ஆறு பிஸ்டனும் ஏறிய எஞ்சின் கால் சுற்றில் நின்றுவிட்டது. பெரிய கம்பி போட்டு இழுக்கலாம் என்றார். வேண்டாம் என்று ஒவ்வொரு ராட் கேப்பாகத் தளர்த்தினோம். மூன்றாவதைத் தளர்த்தியதும் கிராங்க் வெண்ணெய்போல் சுழன்றது. மூன்றின் கேப்பும் நான்கின் கேப்பும் இடம் மாறியிருந்தன. பேரிங்கின் ஒரு ஓரத்தில் விரல் நகம் அளவு பளபளத்த கோடு, அவ்வளவுதான் சேதம். கம்பி போட்டு இழுத்திருந்தால் ஜர்னல் போயிருக்கும்.

ராட் போல்ட் 33 அடி-பவுண்டு. ராடில் எண்ணெய் பீய்ச்சும் துளை கேம் (வால்வுகளை இயக்கும் தண்டு) பக்கம் பார்க்க வேண்டும், பிஸ்டன் மேலுள்ள அம்புக்குறி முன்னால். ராட் போல்ட்டின் நுனிகளில் ரப்பர் குழாய்த் துண்டு மாட்டிவிட்டுப் பிஸ்டனை இறக்குங்கள், ஜர்னல் கீறாது. ரிங் இடைவெளியை ஒவ்வொரு ரிங்குக்கும் அதனதன் சிலிண்டரிலேயே அளக்க வேண்டும். 0.010-க்குக் கீழே விடவே கூடாது. சூட்டில் முனைகள் முட்டினால் ரிங் சுவரைப் பிய்த்துவிடும். கிராங்கின் முன்பின் ஆட்டம் 0.0015 முதல் 0.0065-க்குள் இருக்க வேண்டும்.

10. கேம், லிஃப்டர், ஹெட்

கேம் லிஃப்டரைத் தூக்கும், லிஃப்டர் புஷ்ராட் என்ற கம்பியைத் தள்ளும், புஷ்ராட் ராக்கரை அசைக்கும், ராக்கர் வால்வைத் திறக்கும். கேமும் லிஃப்டரும் புதிதாக, ஜோடியாக. பழைய லிஃப்டரைப் புதுக் கேமில் போட்டால் கேமின் மூக்கு, அதாவது லிஃப்டரைத் தூக்கும் மேடு, தேய்ந்துபோகும். ஹெட் ஏறும் முன்பே லிஃப்டர்களை இறக்கிவிடுங்கள். ஹெட் ஏறிவிட்டால் அப்புறம் அவற்றை உள்ளே விடுவது பெரும்பாடு. டைமிங் செயினில் புள்ளிகளை நேராக்கி, கிராங்கை இரண்டு சுற்று சுற்றி மறுபடி பாருங்கள்.

ஹெட் போல்ட் பதினான்கு. முதலில் எல்லாம் 22, பிறகு 45, மறுபடி 45 இருக்கிறதா என்று ஒரு சோதனை, கடைசியில் 110 அடி-பவுண்டு. பதினொன்றாம் எண் போல்ட் மட்டும் 100, அதன் மரையில் சீலன்ட் தடவ வேண்டும். போல்ட்டுகளை ஒரு முறைதான் மறுபயன்பாடு செய்யலாம். தலையில் பெயின்ட் புள்ளி இருந்தால் அது ஏற்கெனவே ஒருமுறை பயன்பட்டது, தூக்கிப் போடுங்கள்.

அடுத்தது பலர் மறக்கிற இடம். இந்த எஞ்சினின் ராக்கரில் இடைவெளி சரிசெய்யும் திருகு கிடையாது. பிளாக் தளத்தை 0.020 வெட்டியதால் ஹெட் அவ்வளவு கீழே வந்திருக்கிறது, கேமும் மாறியிருக்கிறது. பழைய புஷ்ராட் லிஃப்டரைக் கூடுதலாக அழுத்தலாம், வால்வு முழுதாக மூடாமல் போகலாம். ராக்கர் போல்ட்டைக் கையால் முறுக்கி ஆட்டம் போன நொடியிலிருந்து, போல்ட் முழுதாக உட்காரும்வரை புஷ்ராட் எவ்வளவு இறங்குகிறது என்று அளவிடுங்கள். 0.020 முதல் 0.060 வரை சரி. தாண்டினால் குட்டை புஷ்ராட் வாங்குங்கள்.

11. எரிபொருள்

எஞ்சின் 16 சதவீதம் பெரிதாகிவிட்டது. பழைய இன்ஜெக்டரோடும் ஸ்டார்ட் ஆகும், சமதரையில் ஓடும், ஆக்ஸிஜன் சென்சரைப் பார்த்து கம்ப்யூட்டர் சரிக்கட்டிவிடும். முழு ஆக்ஸிலரேட்டரில் அது சென்சரைக் கேட்பதில்லை. அப்போது கலவை வறண்டு நாக்கிங், அதாவது முன்பு சொன்ன ‘டிக் டிக்’ சத்தம், வரும். மணிக்கு 24 பவுண்டு இன்ஜெக்டர் போடுங்கள். 1991 முதல் 1995 வரையிலான வண்டிகளில் அழுத்தம் 39 பிஎஸ்ஐ, பின்னால் வந்த ரிட்டர்ன் குழாய் இல்லாதவற்றில் 49. அதே இன்ஜெக்டர் பின்னதில் கூடுதலாகவே ஊற்றும், வாங்கும்போது இதையும் சேர்த்துப் பாருங்கள். 1991-இல் வந்த எச்.ஓ. (ஹை அவுட்புட்) எஞ்சினில் நாக் சென்சரும் இல்லை. உங்கள் காதுதான் சென்சர்.

12. முதல் ஸ்டார்ட்

கேம் பிழைப்பதும் சாவதும் முதல் அரைமணியில்தான். இது உருளை இல்லாத தட்டை லிஃப்டர். கிராங்க் சுழன்று வீசும் எண்ணெய்தான் கேமின் மூக்கை நனைக்கிறது. ஐடிலில் அந்த வீச்சு போதாது. அதனால் ஸ்டார்ட் ஆன உடனே நிமிடத்துக்கு 2000 சுற்றுக்கு ஏற்றி, 2000-க்கும் 2500-க்கும் நடுவே மாற்றி மாற்றி 20 முதல் 30 நிமிடம் ஓட்ட வேண்டும்.

அதற்கு எஞ்சின் ஒரே முயற்சியில் பிடிக்க வேண்டும். துத்தநாகச் சேர்க்கை கூடிய பிரேக்-இன் ஆயில், ஃபில்டரோடு 5.7 லிட்டர். டிஸ்ட்ரிபியூட்டர் துளை வழியாக நீண்ட தட்டைக் கம்பியை ட்ரில்லில் மாட்டி, டிஸ்ட்ரிபியூட்டர் சுழலும் திசையிலேயே ஆயில் பம்ப்பைச் சுற்றுங்கள். ராக்கர்களில் எண்ணெய் வரும்வரை சுற்ற வேண்டும், இடையிடையே கிராங்கையும் கால் சுற்று நகர்த்துங்கள். டிஸ்ட்ரிபியூட்டரை முதல் சிலிண்டரின் கம்ப்ரெஷன் மேலெல்லையில் உட்காரவைத்து, ஒயர்களை 1-5-3-6-2-4 வரிசையில் மாட்டுங்கள். ரேடியேட்டர் நிறைந்திருக்கட்டும், பக்கத்தில் தண்ணீர்க் குழாயும் தீயணைப்பானும் இருக்கட்டும், கராஜ் கதவு முழுதாகத் திறந்திருக்கட்டும்.

ஒருவர் ஆக்ஸிலரேட்டரில், ஒருவர் ஆயில் பிரஷர் முள்ளில். 1600-க்கு மேல் 37 பிஎஸ்ஐ-க்குக் குறைந்தால் உடனே அணையுங்கள். ஸ்டார்ட் ஆகாமல் இழுத்துக்கொண்டே இருந்தால் நிறுத்திக் காரணம் தேடுங்கள். திரும்பத் திரும்ப ஸ்டார்ட்டர் சுற்றினால் கோர்க்கும்போது கேமில் தடவிய பசை வழிந்துவிடும்.

அரைமணி முடிந்ததும் சூட்டோடு ஆயிலை வடித்து, ஃபில்டரை வெட்டி மடிப்புகளை விரித்து வெயிலில் பாருங்கள். கறுப்புப் பசை தெரிந்தால் அது கோர்க்கும்போது தடவியது. நுண்ணிய பளபளப்பு லேசாக இருக்கலாம். காந்தத்தில் ஒட்டும் ஊசி ஊசியான துகள் இருந்தால் வண்டியை எடுக்காதீர்கள், வால்வு கவரைக் கழற்றி எந்த ராக்கர் குறைவாக அசைகிறது என்று பாருங்கள். சுத்தமாக இருந்தால் புது ஆயில் ஊற்றி, மூன்றாவது கியரில் அரை ஆக்ஸிலரேட்டரில் ஏற்றி, காலை எடுத்து எஞ்சின் பிரேக்கில் இறங்கவிட்டு, பத்துப் பன்னிரண்டு தடவை ஓட்டுங்கள். ரிங்குகள் சுவரோடு பழகுவது இந்தச் சுமையில்தான். 500 மைலில் மறுபடி ஆயில், மறுபடி ஃபில்டரை வெட்டிப் பாருங்கள். அதுவரை பாறைப் பக்கம் போக வேண்டாம்.